வாக்காளர் வரிசை எண் 318

1977 மார்ச் 21, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணி, திருவண்ணாமலை. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. மலை உச்சிப் பாறை வரை தெளிவாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் ஒன்பது மணிக்கே தார் ரோடு சுட ஆரம்பித்துவிடும். நான் பாதிச் சவரத்தில், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ரேடியோ முன்னால் நின்றிருந்தேன். பிரதமரே தம் தொகுதியில் தோற்றுவிட்டார், மத்தியில் ஆட்சி மாறுகிறது என்று டெல்லிச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள், அதில் ரேடியோ உள்ளவை ஐந்து. ஐந்திலும் ஒரே குரல் கேட்டது.

என் மனைவி சரோஜா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"இந்தாங்க, நெஜமாத்தான் சொல்றாங்களா?"

"ரேடியோவுல பொய்யா சொல்லுவான்?"

"இத்தனை நாளா சொல்லிட்டுதானே இருந்தான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரை விட்டுடுவாங்க இல்ல?" என்று கேட்டாள்.

நாடு முழுவதும் கோடிக்கணக்கான சீட்டுகளை எண்ணி ஓர் அரசை மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் சீட்டு மட்டும் எண்ணப்படாமல், என் கையெழுத்தோடு, அரக்கு முத்திரை வைத்த ஓர் உறைக்குள் கிடந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன தேர்தலின்போது தாலுகா அலுவலகத்துப் பையன்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். எல்லாம் இயந்திரம் ஆகிவிட்ட பிறகும், அவர்களுக்குக் கொடுத்த பையில் இருபது அச்சடித்த வாக்குச்சீட்டுகள் இருந்தனவாம். "இது எதுக்கு சார்? டெண்டர்டு ஓட்டுன்னு போட்டிருக்கு. யாருமே பார்த்ததில்லைன்றாங்க" என்றார்கள். நான் பார்த்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருட வேலையில் பதினொரு தேர்தல் பணி, அதில் எட்டு முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். டெண்டர்டு ஓட்டு ஒன்றே ஒன்று.

வேலையில் சேர்ந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1958இல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். ஒன்பது வருடம் பட்டா, அடங்கல், கடிதப் பதிவேடு. பிறகு உதவியாளர். 1977இல் நான் திருவண்ணாமலை தாலுகா அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் தாசில்தார் கோதண்டபாணி. அவரைப் போல ஒரு மேலதிகாரியை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலை எப்போதும் கையில் வைத்திருப்பார். தேர்தல் பயிற்சி வகுப்பு மூன்று நாள் நடந்தது. ஒரு விதியை இரண்டு முறை வாசிப்பார், பிறகு யாரையாவது எழுப்பி, "புத்தகத்தை மூடிட்டு சொல்லுங்க" என்பார். தடுமாறினால் திட்டமாட்டார். மேசையில் பென்சிலை மூன்று தட்டு தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிப்பார். நூற்றுப் பத்து பேர் அந்த ஒருவனைப் பார்ப்பார்கள்.

அந்த வகுப்பில் அவர் அடிக்கடி சொன்னது இதுதான்: "நடந்ததை சாவடி டைரியில எழுதுங்க. எழுதாதது நடக்கலைன்னு அர்த்தம்."

எனக்கு அடி அண்ணாமலை ஊராட்சிப் பள்ளியில் சாவடி போட்டார்கள். வாக்காளர்கள் 814. ஆண்கள் 402, பெண்கள் 412. கையில் கொடுத்த சீட்டுகள் 900. இரும்புப் பெட்டி ஒன்று, உபரி ஒன்று. மை, ரப்பர் முத்திரை, அரக்கு, நூல், இருபத்தாறு வகை உறை. நான் எல்லாவற்றையும் இரண்டு தரம் எண்ணினேன். உடன் வந்த முதல் அலுவலர் காதர் பாஷா, நகராட்சிப் பள்ளி ஆசிரியர், கலகலப்பான மனிதர். "சார், மூணாவது தரம் எண்ணினா குட்டி போட்டிருக்கும்" என்றார்.

அவர் வேலை, வருகிற வாக்காளரின் பெயரைக் கேட்டு, பட்டியலில் வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, எல்லாக் கட்சி ஏஜெண்டுகளுக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பது. ஆண்கள் வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. பெண்கள் வரிசைதான் சிக்கிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அன்று எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். பட்டியலிலோ பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர்தான் இருக்கும்.

"வீட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்பார் காதர் பாஷா. அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். பின்னால் நிற்பவளைத் திரும்பிப் பார்ப்பாள்.

"நீ சொல்லேன்டி."

"நான் எப்டி சொல்றது? எங்க வீட்ல இருக்கறதுக்கும் அதே பேருதான்!"

வரிசை முழுக்கச் சிரிக்கும். பிறகு அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மலையைக் காட்டுவாள். அந்த ஊரில் ஆண்பிள்ளைகளுக்குப் பாதிப் பேருக்கு அந்த மலையின் பெயர்தான், அண்ணாமலை. நான் முன்தினம் மாலையே பட்டியலைப் புரட்டி எண்ணி வைத்திருந்தேன். கணவர் பெயர் அண்ணாமலை என்று இருந்த பெண்கள் 47.

பத்தரை மணிக்கு வெளியே வெயிலில் எழுபது பெண்கள் நின்றார்கள். ஒரு கர்ப்பிணி உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து போய் காதர் பாஷாவிடம் சொன்னேன். "மலையைக் காட்டினா போதும். பொம்பளை பேரை வெச்சு எண்ணைக் கண்டுபிடிச்சு அனுப்பிடுங்க. நிக்க வெச்சு கேட்டுட்டு இருக்காதீங்க." தெரு, கதவு எண் கேட்க வேண்டும் என்பது விதி. அதை விட்டுவிடச் சொன்னது நான்தான். வரிசை நகர்ந்தது. ஏஜெண்டுகள்கூட, "சார் கெட்டிக்காரர்" என்றார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மாலை மூன்றரை மணிக்கு அவள் வந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். புடவையில் பஸ் அழுக்கு. காலில் செருப்பில்லை. வரிசையே அப்போது இல்லை. பெயர் பச்சையம்மாள் என்றாள். கணவர் பெயரைக் கேட்டபோது சிரிக்கவில்லை, முகத்தை மூடவில்லை. மலையை மட்டும் காட்டினாள்.

காதர் பாஷா பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார். வரிசை எண் 318, பச்சையம்மாள், கணவர் அண்ணாமலை, வயது 29. அதன் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது. காலையிலேயே வாக்களித்தாயிற்று என்று அர்த்தம்.

"உன் ஓட்டு போட்டாச்சேம்மா."

"நான் இப்பதாங்க வரேன்."

அவள் விரல்களைப் பார்த்தேன். மை இல்லை. பட்டியலை வாங்கி நானே புரட்டினேன். வரிசை எண் 561, வேறு தெரு, பச்சையம்மாள், கணவர் அண்ணாமலை, வயது 54. அதன் கீழே கோடு இல்லை. எனக்குக் காலையில் பதினொரு மணி வாக்கில் வந்த ஒரு நரைத்த அம்மாள் நினைவுக்கு வந்தாள். மலையைக் காட்டிவிட்டு, "இம்மாம் பெரிசா இருக்கு, கண்ணு தெரியலயா வாத்தியாரே?" என்று காதர் பாஷாவைக் கேட்டுச் சிரிக்க வைத்தவள். அவள்தான் 561. நாங்கள் முதலில் கண்ணில் பட்ட 318ஐக் கோடிட்டு அனுப்பியிருந்தோம்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டேன். என் தப்புக்கு அவளிடம் எரிச்சல் பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நேத்து வேலூர் போயிருந்தேன் சார். மனு பார்க்க. கடைசி பஸ்ஸு போயிடுச்சு. ஸ்டாண்டுலயே படுத்திருந்து காலையில கெளம்பினேன். வழியில அந்த பஸ்ஸும் நின்னுபோச்சு."

மனு பார்ப்பது என்றால் சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவது. எதிர்க்கட்சி ஏஜெண்டு என் காதருகே குனிந்து சொன்னார். இவள் கணவர் பஸ் டிப்போ மெக்கானிக், சங்கத்துக்காரர். அவசர நிலையில் பிடித்துப் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிறது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை.

"அவரு ஒண்ணே ஒண்ணுதான் சார் சொன்னாரு" என்றாள் அவள். "எனக்கு எதுவும் கொண்டாராத. ஓட்டை மட்டும் போட்டுடுன்னாரு. அது விழுந்தா நான் வந்துடுவேன்னாரு."

காதர் பாஷா என்னைத் தனியே சுவரோரம் அழைத்துப் போனார். "சார், 561 காலியா கீது. அந்தக் கெழவி போட்டுட்டு போயாச்சு, இனிமே வரப்போறதில்லை. இந்தப் பொண்ணை அதுல போட வெச்சா ஆளும் ரெண்டு, சீட்டும் ரெண்டு. கணக்கு நேராயிடும்."

ஆளும் கட்சி ஏஜெண்டு நிலக்கடலை வியாபாரி. காதர் பாஷா சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. ஆட்சேபிப்பார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா சார் பார்க்கறீங்க? எனக்கு வேணாத ஓட்டுதான். ஆனா அது அந்தப் பொண்ணோடது இல்ல? போட்டுட்டு போவட்டும்" என்றார். எதிர்க்கட்சி ஏஜெண்டும் தலையாட்டினார்.

அந்தச் சாவடியில் ஆட்சேபித்தது ஒரே ஒரு ஆள். நான்.

561 என்பது வேறு ஒருத்தி. ஒருத்தி பெயரில் இன்னொருத்திக்குச் சீட்டு கொடுப்பது ஆள்மாறாட்டம், அதற்கு நானே உடந்தை. காலையில் விதியை விட்டுத்தான் இந்த வினை வந்தது, மாலையில் இன்னொரு விதியை விடமாட்டேன் என்று மனசு முறுக்கிக்கொண்டது. பயமும் இருந்தது. அந்த வருடங்களில் யாருக்குத்தான் பயம் இல்லை? ஐந்து நிமிடம் யோசித்தேன் என்று இத்தனை நாள் சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. தன் பெயரில் ஏற்கெனவே வாக்குப் பதிவாகிவிட்ட ஒருவர் வந்து, தான்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால், அவருக்கு டெண்டர்டு சீட்டு கொடுக்கலாம். கட்டின் அடியில் இருக்கும் கடைசிச் சீட்டைத்தான் உருவ வேண்டும். அதன் பின்புறம் அது என்ன சீட்டு என்பதைத் தலைமை அலுவலர் தம் கைப்பட எழுதி ஒப்பமிட வேண்டும். வாக்காளர் மறைவில் முத்திரை குத்தி மடித்துக்கொண்டுவந்து, பெட்டியில் போடாமல், அலுவலர் கையில் தர வேண்டும். அவர் அதைத் தனி உறையில் வைத்து அரக்கிட வேண்டும். அந்தச் சீட்டின் எண் எனக்கு இன்றும் மனப்பாடம். ரகசியம் என்பதால் எழுதவில்லை.

அவளுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"பொட்டியில போட மாட்டீங்களா?"

"கவர்லதான்மா."

"அப்புறம் எண்ணுவாங்களா?"

காதர் பாஷா என் பின்னாலிருந்து, "எண்ணுவாங்கன்னு சொல்லிடுங்க சார்" என்று முணுமுணுத்தார்.

"எண்ண மாட்டாங்க" என்றேன். "யாராவது கோர்ட்டுக்குப் போயி, கோர்ட்டு கேட்டாதான் பிரிப்பாங்க."

அவள் கொஞ்ச நேரம் மேசை மேலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வாய் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு முழம்கூட இல்லை.

"குடுங்க சார்" என்றாள். "போட்டியான்னு கேட்டா ஆமான்னு சொல்லணும். அவருகிட்ட நான் பொய் சொன்னதில்ல."

டெண்டர்டு ஓட்டுக்கான தனிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக்கூட்டி, நிதானமாக. சிறைக்கு மனு எழுதுவதற்காகவே கற்றுக்கொண்டதாம். மறைவுக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் நான்காக மடித்த சீட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். "பத்திரமா வெச்சுக்குங்க சார்" என்றாள். விரலில் வைத்த மை காயும்வரை கையை விரித்தபடியே வாசலில் நின்றுவிட்டுப் போனாள்.

முடிவில் கணக்கு: கொடுத்த சீட்டு 611, டெண்டர்டு 1, மீதி 288. மொத்தம் 900. என் வாழ்நாளில் அவ்வளவு நேராக வந்த கணக்கு கிடையாது.

லாரியில் பெட்டியோடு தாலுகா அலுவலகம் வந்தபோது மணி ஏழு நாற்பது. கோதண்டபாணி ஒவ்வொரு சாவடியின் டைரியையும் தாமே வாசித்து வாங்கினார். என்னுடையதில் நீலமுனை ஒரு வரியில் நின்றுவிட்டது. 'தெரு, கதவு எண் விசாரிக்க வேண்டாம் என்று நான் கொடுத்த வாய்மொழி உத்தரவால் ஏற்பட்ட பிழை' என்று எழுதியிருந்தேன்.

"மூர்த்தி, இது வேணுமா?"

"நடந்தது அதுதான் சார்."

"ஆள்மாறாட்டம், சந்தேகம்னு எழுதினா போதுமே. எல்லா ஊர்லயும் வர்றதுதான். உங்க மேல ஒண்ணும் வராது." மேசை இழுப்பறையைத் திறந்து புது டைரிப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஓரமா உக்காந்து எழுதிட்டு வாங்க. நான் இருக்கேன்."

உட்கார்ந்தேன். எழுதாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஆள்மாறாட்டம் என்று எழுதினால் மாறிய ஆள் யார் என்று ஒரு கேள்வி வரும். 561 விரலில் மை இருக்கும். பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே கோடு இருக்காது. மலையைக் காட்டிச் சிரித்த அந்தக் கிழவியை ஒரு போலீஸ்காரர் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார். ஒரு பச்சையம்மாள் வீட்டுக்காரர் உள்ளே இருப்பது போதும் என்று தோன்றியது. வெற்றுப் படிவத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பென்சிலைத் தட்டவில்லை. பழைய டைரியில் ஒப்பமிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஆட்சி மாறிய பத்தாம் நாள் அவள் தாலுகா அலுவலகத்துக்கு வந்தாள். கூட ஒருவர். ஒல்லியாக, தலை மொட்டையடித்து ஒரு மாதம் ஆனது போல முடி. "சார், இவருதான்" என்றாள். அவ்வளவுதான் அறிமுகம்.

அவர் கைகூப்பிச் சிரித்தார். "எங்க வூட்டு ஓட்டை எண்ணாமயே கவர்மென்ட்டை மாத்திட்டாங்களே சார்!"

எங்கள் மாநிலத்தில் அவர் அணி தோற்றிருந்தது. ஆட்சியை மாற்றியது வடக்கே போட்ட ஓட்டுகள். அவர் வந்துவிட்டார், அவ்வளவு போதும் என்பது போல அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எங்க சார் கீது அது இப்ப?"

"கருவூலத்துல. சீல் வெச்சு."

"எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"ஒரு வருஷம். அதுக்கப்புறம் அழிச்சிடுவாங்க."

தலையை ஆட்டினாள். "ஒருத்தரும் பிரிச்சுப் பார்க்காமயே" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. பிறகு இருவரும் படியிறங்கிப் போனார்கள். அவர் முன்னால், அவள் நான்கடி பின்னால். கேட்டருகே அவர் நின்று அவளுக்காகக் காத்திருந்து, சேர்ந்து நடந்தார். பதின்மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து நடக்கிறவர்களை நான் கேட் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. கவனக்குறைவு. மறுக்க ஒன்றுமில்லை, என் கையெழுத்தே சாட்சி. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். அத்துடன் நிர்வாக நலன் கருதி அரக்கோணத்துக்கு மாற்றல். ஜூலை ஒன்றாம் தேதி சேர்ந்தேன்.

எங்கள் பெண்கள் இரண்டு பேரும் பள்ளியில் படித்தார்கள். வீடு சொந்தம். சரோஜா திருவண்ணாமலையிலேயே இருந்துவிட்டாள். அரக்கோணத்தில் ரயில் நிலையத்தின் பின்னால் ஓர் அறை எடுத்தேன். அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையாக இருந்தது. காலையில் எழுந்ததும் ஜன்னலில் மலையைத் தேடும் பழக்கம் போக எட்டு மாதம் ஆயிற்று. போன பிறகு அது போனதற்காக வருத்தப்பட்டேன்.

சரோஜா வாரம் ஒரு கடிதம் போடுவாள். உள்ளே அவள் கையெழுத்து. மேலே விலாசம் மட்டும் எதிர்வீட்டுக்காரர் எழுதித் தருவார், என் பெயரை அவள் எழுதமாட்டாள். மொத்தம் 128 கடிதங்கள். ஒன்றில்கூட 'எப்போது வருவீர்கள்' என்று கேட்டதில்லை. 'பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டது', 'கிணற்றில் தண்ணீர் கம்மி', 'இன்று பௌர்ணமி, மலை சுற்றத் தெருவில் ஜாஸ்தி கூட்டம், நான் போகவில்லை'. அந்த 'நான் போகவில்லை'யை எத்தனை தரம் வாசித்தேன் என்பதை மட்டும் எண்ணி வைக்கவில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை பஸ் பிடித்து வருவேன். ஞாயிறு மாலை கிளம்பும்போது அவள் வாசலுக்கு வரமாட்டாள். சோற்றுப் பொட்டலத்தை உள்ளேயே கையில் கொடுத்துவிட்டு, "எளைச்சிட்டீங்க" என்பாள். வேறு எதுவும் சொல்லமாட்டாள். அப்போதெல்லாம் வேலூர் பஸ் நிலையத்தில் வண்டி மாறும்போது, பச்சையம்மாள் அன்று படுத்திருந்தது எந்த இடமாக இருக்கும் என்று பார்ப்பேன். மனு போட்டுத்தான் புருஷனைப் பார்க்க முடியும் என்றிருந்தவளைவிட நான் பாக்கியசாலி என்று சொல்லிக்கொள்வேன். அரக்கோணம் பஸ் கிளம்பியதும் அந்தச் சமாதானம் போய்விடும்.

எனக்கு மறுபடி திருவண்ணாமலை கிடைத்தது 1980 ஜனவரி கடைசியில். அதற்குள் இன்னொரு தேர்தல் வந்து, டெல்லியில் மறுபடியும் ஆட்சி மாறிவிட்டது. அந்தச் சீட்டையும் விதிப்படி எப்போதோ அழித்திருப்பார்கள். பச்சையம்மாள் குடும்பம் கணவருக்கு வேலை கிடைத்து ஓசூர்ப் பக்கம் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நான் அவளைப் பிறகு பார்க்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட அந்தத் தாலுகா அலுவலகத்துப் பையன்கள் கடைசியில் கேட்டார்கள்: "561ல போட விட்டிருக்கலாமா சார்?" விதி தெரிந்தவனாக, கூடாது என்றேன். அவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும், இரும்புப் பெட்டியின் வாயும் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்ற அவள் கையும்தான் கண்ணில் நின்றன. அந்த ஒரு நிமிடத்தை எனக்கு யாராவது திருப்பித் தந்தால் என் கையாலேயே அவள் சீட்டைப் பெட்டியில் தள்ளிவிடுவேன். அல்லது அதற்கும் முன்னால், காலை பத்தரைக்குப் போய், எந்தத் தெரு அம்மா என்று கேட்கச் சொல்வேன்.

சரோஜாவும் நானும் வாழ்ந்தது நாற்பத்தொரு வருடம் இரண்டு மாதம். அதில் முப்பத்தொரு மாதத்தைக் கழிக்க வேண்டும். அவள் போன பிறகு ஒருநாள் உட்கார்ந்து மற்றதையும் கூட்டிப் பார்த்தேன். நிறுத்திய ஊதிய உயர்வு, மாதம் எட்டு ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 96 ரூபாய். அறை வாடகை, மாதம் முப்பது வீதம் முப்பத்தொரு மாதத்துக்கு 930. ஊருக்கு வந்துபோன பஸ் செலவு, தடவைக்குப் பதினாறு ரூபாய் எண்பது காசு. அறுபத்திரண்டு தடவை வந்திருக்க வேண்டும். லீவு கிடைக்காமல் ஐந்து தடவை தவறியது. ஐம்பத்தேழு தடவைக்கு 957 ரூபாய் 60 காசு. எண்ணப்படாத அந்த ஒரு சீட்டுக்கு நான் கொடுத்தது, மொத்தம் 1,983 ரூபாய் 60 காசு.